பொறுத்துக்குங்க சகோதரி

“அந்தப் போனை இங்க குடு.”

மாமியார் சௌந்திரம் கையை நீட்டினாள். நித்யஸ்ரீக்கு அதை அணைத்துவிட்டுக் கொடுக்கக்கூட அவகாசமில்லை. படித்துக்கொண்டிருந்த பக்கத்தோடு போன் கை மாறியது.

கல்யாணமாகிச் சங்ககிரிக்கு வந்து ஆறு வருஷம். குழந்தை இல்லை. புருஷன் சந்தோஷ்குமார் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். அவன் கிளம்பிப் போன பிறகு போனில் தொடர்கதை படிப்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அந்தக் கதையின் நாயகிக்கும் குழந்தை இல்லை. புருஷன் அடிப்பான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கே சோறு போடுவாள். நேற்று வந்த கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு மயக்கம் வந்தது. டாக்டரம்மா சிரித்தாள். புருஷன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு அவன் கை ஓங்கவே இல்லை என்று கதை முடிந்திருந்தது.

நித்யஸ்ரீ அதை நாலு தடவை படித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கதைக்குக் கீழே கருத்தாக எழுதிவிட்டாள்.

‘எனக்கும் ஆறு வருஷமா குழந்தை இல்லைங்க அக்கா. இவரும் அடிக்கிறார். குழந்தை பிறந்தா நிஜமாவே மாறிடுவாரா?’

காலைக்குள் நாற்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். கட்டாயம் மாறுவார், பொறுத்துக்குங்க சகோதரி என்றுதான் முக்கால்வாசியும். கதை எழுதியவர் ஒரு இதயம் மட்டும் போட்டிருந்தார்.

சௌந்திரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். கட்டைவிரல் மெதுவாக மேலே நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. தலையைத் தூக்கி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது.

மகனுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள் நித்யஸ்ரீ. வெங்காயம் நறுக்கிய கை நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். உங்க ஊட்டுல எப்போ விசேஷம் என்று யாரோ சந்தோஷ்குமாரைக் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவன் பெல்ட்டை உருவினான். அவள் அலறியபோது முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் எழுந்து வரவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். முழங்கையில் அந்தத் தடிப்பு இன்னும் வடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்குப் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

சும்மாவே அந்த அடி. ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டாள் என்று தெரிந்தால்?

ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வருவான். அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள்.

பைக் சத்தம் கேட்டது.

சந்தோஷ்குமார் இலையில் உட்காரும்போதே ஆரம்பித்தான். காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் பிசி என்றே வந்தது, யாரோடு பேச்சு என்று கேட்டான். குரல் உயரவில்லை. அந்தக் குரல்தான் அவளுக்குப் பயம்.

சௌந்திரம் குழம்பை ஊற்றியபடியே சொன்னாள். “போன் எங்கிட்ட இருக்குது. எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கறா. புடுங்கி வெச்சுட்டேன். நாந்தான் உங்க பெரியம்மாகூடப் பேசிக்கிட்டிருந்தேன்.”

அவன் முகம் தெளிந்தது. நல்ல வேலை செஞ்சீங்க என்று சிரித்தான். பிறகு, இந்தப் பக்கம் குடுங்க, அப்படி என்னத்தப் பாக்கறாள்னு பாக்கறேன் என்று இடது கையை நீட்டினான்.

நித்யஸ்ரீ சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சோறு ஆறுது. மொதல்ல சாப்புடு,” என்றாள் சௌந்திரம். “சாயங்காலம் ஆற அமரப் பாத்துக்கலாம்.”

அவன் சாப்பிட்டான். போகும்போது நித்யஸ்ரீயைப் பார்த்து, சாயங்காலம் என்று ஒரே வார்த்தை சொன்னான். பைக் தெருமுனை தாண்டும் வரை சௌந்திரம் வாசலில் நின்றாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். அறையிலிருந்து ஒரு பையைத் தூக்கி வந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

அதில் நித்யஸ்ரீயின் சேலைகள் இருந்தன. அடியில் அவளுடைய பி.காம். சர்டிபிகேட், ஆதார், நகைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் போன்.

“உங்க அண்ணனுக்குச் சொல்லிட்டேன். மேச்சேரியிலிருந்து பொறப்பட்டாச்சு. பஸ் ஸ்டாண்டுல நிப்பான். கெளம்பு.”

மலடி என்று துரத்துகிறார்கள். அவளுக்கு அப்படித்தான் புரிந்தது. மாமியார் காலில் விழுந்தாள். சேலத்து டாக்டர் இன்னும் ஆறு மாசம் மருந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றாள். இன்னும் ஒரு வருஷம் மட்டும் இருக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். இப்போது திரும்பிப் போனால் அம்மா தாங்கமாட்டாள் என்று அழுதாள்.

“ஒரு கொழந்த பொறந்துட்டா அவரு மாறிடுவாருங்க அத்தை. அடிக்க மாட்டாருங்க.”

சௌந்திரம் குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். தடித்த முழங்கையில் படாமல் பிடித்தாள்.

“நானும் அப்படி நம்பித்தான் உங்க மாமனார்கிட்ட அடி வாங்கிக்கிட்டு இருந்தேன் சாமி. எனக்குப் புள்ள பொறந்துச்சு. இப்பச் சாப்புட்டுப் போனானே, அவன்தான்.”