இஸ்தான்புல் போய் வந்த கண்

1986 மார்ச் பனி, வோபர்ன் அடுக்குமாடிச் சலவை அறையின் ஜன்னலைப் பாதி மறைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு றழியா ஈரக்கையைத் துடைத்துவிட்டு, கராச்சியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கிறாள். அவளுடைய அண்ணன் அங்கே குடியேறியவர்; பார்வை போன அவரை, முஸ்லிம் நாடுகள் மாநாடு கூடிச் செய்த ஏதோ ஏற்பாட்டில் கண் ஒப்பரேஷனுக்கு இஸ்தான்புல் அனுப்பியிருந்தார்கள். “மாநாட்டுக்காரர் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கலைவினம் எண்டெல்லோ நினைச்சன்,” என்கிறார் துவாய் மடிக்கும் கனகசிங்கம் அண்ணை. எனக்கு மடிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் நிற்கிறேன். துணி உலர்த்தியின் வெளிச்சத்தில் றழியா தாளை விரித்துப் பிடிக்கிறாள். “நானாட சொந்த எழுத்து!” மூன்று வருடமாக அண்ணனுக்காக அவருடைய மகள்தான் எழுதினாள். “நான் அனுப்பின போட்டோவப் பாத்தாராம். ‘நல்லாக் கொழுத்திட்டாய் தங்கச்சி’ எண்டு எழுதியிருக்காரு.” “உண்மைதானே, பிள்ளை,” என்கிறார் கனகசிங்கம் அண்ணை. “ஓம் அண்ணே, அல்ஹம்துலில்லாஹ், கொழுத்துத்தான் போனேன்,” என்று அழுதுகொண்டே சிரிக்கிறாள் றழியா.