ஒரு நிமிட இடைவெளி

இரண்டு மணி பதினாறு நிமிடத்துக்கு யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு பதினேழுக்கு மறுபடியும். இரண்டு பதினெட்டுக்கு மறுபடியும்.

எண்ணினேன். இருபத்து மூன்று முறை. என் எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை போதாது. கீழிருந்து மேலாக இன்னொரு தடவை எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

லித்தியம் பேட்டரி தனக்கு நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும். அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் படிப்பதுதான் ஓசூர் சர்வீஸ் சென்டரில் என் வேலை.

மேசைக்கு எதிரே எபினேசர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. குருபரப்பள்ளியிலிருந்து பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அம்மா சாந்தம்மாவின் ஆக்சிஜன் மிஷினுக்காக வாங்கிய பேட்டரி. அந்த அம்மா இறந்து முப்பது நாள் ஆகிறது.

"பர்கூர்ல வயசானவங்க ஹோம் ஒண்ணு இருக்கு. அங்க குடுத்துரலாம்னு பாக்கறேன். அன்னிக்கு நாங்க வந்தப்ப நின்னு கெடந்துச்சு. இன்னொருத்தருக்குக் குடுக்கற மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லு பாப்பா."

அந்த அம்மா இறந்த அன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. பேட்டரி இருக்கிறது என்ற தைரியத்தில் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

இரண்டு பதினான்குக்குப் பேட்டரி அறுபது டிகிரியைத் தொட்டது. தீப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. சூடு ஐம்பதுக்கு இறங்கிய பிறகு யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். அதற்கு முன் எத்தனை முறை அழுத்தினாலும் ஓடாது. அழுத்தியதை மட்டும் குறித்துக்கொள்ளும்.

மூன்று இருபதுக்குச் சூடு ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. அப்போது யாரும் அழுத்தவில்லை.

"அன்னிக்கு வீட்டுல யாருங்க இருந்தாங்க?"

"யாரும் இல்ல, அம்மா மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மணிக்குச் சோறு ஊட்டிட்டு வெளிக்கதவப் பூட்டிட்டுப் போயிருச்சு. ரெண்டு மாசமாவே கையப் புடிச்சு எழுப்பினாத்தான் எழுந்திருப்பாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க பாப்பா. காலைல படுக்க வச்ச மாதிரியே இருந்தாங்க."

அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு லாக்கர்ல இருந்து போனை எடுத்துப் பாக்கறேன், ஒரு மிஸ்டு கால் கூட இல்ல. அவங்க போன் தலமாட்டுலதான் இருந்துச்சு. கஷ்டப்பட்டிருந்தா கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

அந்த வராத அழைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முப்பது நாளும் அவருக்குச் சோறு இறங்கியிருக்கிறது என்று தோன்றியது.

பொத்தான் சிக்கியிருக்கலாம். அழுத்திப் பார்த்தேன். சுத்தமாக உள்ளே போய் வெளியே வந்தது.

பேட்டரியின் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கலாம். என் போனோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.

பயந்தவர்கள் படபடவென்று அழுத்துவார்கள். இது நிமிடத்துக்கு ஒன்று. சொல்லிக்கொடுத்ததைத் தவறாமல் செய்கிற ஒருவர் அழுத்தியது.

பேட்டரியைப் பொருத்திய அன்று எழுதிய தாளை எடுத்தேன். கட்டிலிலிருந்து பேட்டரி வைத்த அலமாரிக்கு ஒயர் நீளம் பதினோரு அடி. கீழே என் கையெழுத்து.

பதினோரு அடி போய், இருபத்து மூன்று முறை அழுத்தி, பதினோரு அடி திரும்பி வந்து, படுத்து.

அலமாரிக்குள் பேட்டரியைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டிருந்தேன். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. தூசி அடையாமல் கதவை மூடியே வையுங்கள் என்பது கையேட்டில் இல்லை. அதை நானாகச் சொன்னேன்.

வேலை முடிந்து நான் படிக்கப் போகிற மாலை வகுப்பில் காற்றோட்டப் பாடம் போன வாரம்தான் நடந்தது.

"பேட்டரி நல்லா இருக்குங்க. ஆனா ஹோம்ல மூடின அலமாரிக்குள்ள வைக்கக் கூடாது. காத்து வேணும். நின்னு போச்சுன்னா மொதல்ல ஆளக் கூப்பிடணும். அப்புறந்தான் பேட்டரியத் தொடணும்."

"எங்க வீட்டுல அலமாரிக்குள்ளதான வச்ச?"

"தப்புங்க. என் தப்பு."

"அட விடு பாப்பா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது, கண்ணுல படாம வைன்னு அம்மாதான சொன்னாங்க." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "மிஷின் நின்னது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

பிரிண்டரிலிருந்து இரண்டு தாள்கள் வந்திருந்தன. பேட்டரியின் நிலை முதல் தாளில். நேரங்கள் இரண்டாவதில்.

"தெரிஞ்சிருக்காதுங்க."

முதல் தாளைக் கொடுத்தேன். மற்றதை மடித்து வகுப்பு நோட்டுக்குள் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அம்மா உன்னப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. அந்தப் பாப்பா எனக்கு எல்லாம் பொறுமையா சொல்லிக் குடுத்திருச்சு, இனி வேல நேரத்துல உன்னக் கூப்பிட வேண்டியதில்லடான்னு."

பொருத்திய அன்று அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிவரை நடந்து வந்து, என் எதிரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"நின்னு போச்சுன்னா பையனுக்குப் போன் பண்ணட்டா கண்ணு?" என்று கேட்டார்.

"போனெல்லாம் எதுக்கும்மா? ஒரு நிமிஷம் விட்டு விட்டு அழுத்துங்க. கண்டிப்பா வந்துரும்" என்றேன்.