பொய்த்தராசு

வாங்க வந்தவனிடம் சரக்கைக் காட்டலாம், கூட்டாளியிடம் சூட்சுமத்தைக் காட்டக்கூடாது என்பது திண்டிவனம் மண்டித் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் படித்த டோமினிக்குக்குத்தான் தெரியவில்லை. 2012இல் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டிகளுக்கு எடை போடும் மென்பொருள் எழுதியவன், கூட்டாளி நெடுஞ்செழியனுக்கு அதைக் கற்றும் கொடுத்தான்.

"மென்பொருள்ல எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சிக்கக் கூடாதுப்பா. தராசை வெளியேருந்து நாம குடுக்கணும். எதைக் குடுக்கறதுன்னு இந்தப் பட்டியல்ல எழுதிட்டா போதும். நாளைக்கு வேற ஒண்ணை மாத்தி வெச்சாலும் மத்ததுக்குத் தெரியாது."

"தெரியவே தெரியாதா?" என்று நெடுஞ்செழியன் இரண்டு முறை கேட்டான்.

சோதித்துப் பார்க்க, நிஜத் தராசுக்குப் பதிலாகப் பட்டியலில் வைக்க, டோமினிக் ஒரு பொய்த்தராசும் எழுதியிருந்தான். எதை வைத்தாலும் அது 41.300 கிலோ என்றே சொல்லும்.

மூன்று நாள் விழுப்புரத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

"யாருங்க வேணும்?" என்றான் நெடுஞ்செழியன்.

"டேய், டோமினிக்டா!"

"டோமினிக் இதோ இருக்காரே. பேஜாரு பண்ணாதீங்க, கெளம்புங்க."

மனைவி சகாய பிரியாவுக்கு போன் செய்தான்.

"அவரு ஆபீஸ்ல இருக்காருங்க. நீங்க யாரு?" என்றாள்.

திரையில் டோமினிக் என்ற பெயருக்கு எதிரே வேறு ஆளை மாற்றி எழுதித் திறந்திருந்த பட்டியலை நெடுஞ்செழியன் அவசரமாக மூடினான்.

அவன் மென்பொருள் ஓடும் எதிர் மண்டியில் எடை நடந்துகொண்டிருந்தது. மூட்டைக்கு எண்பது கிலோ என்று தராசு சரியாகவே காட்டியது. எழுபத்தாறு கிலோ டோமினிக் அதில் ஏறி நின்றான். 41.300.

"எறங்குங்க, மூட்டை நிக்குது" என்றார் சுமை தூக்குகிறவர்.

டோமினிக் தோள்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினான். அப்போதும் 41.300.