பலகைச் சுவர்

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு சவரிராஜுக்கு மிச்சமிருந்தது வலது கையும் அதில் கிடந்த கல்யாண மோதிரமும்தான். கட்டிலை ஒட்டிய பலகைச் சுவரில் மோதிரத்தால் ஒருமுறை தட்டினால் தண்ணீர். இரண்டுமுறை தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அடுப்படியிலிருந்து மனைவி லூர்துமேரி போட்டது போட்டபடி ஓடுவாள். கை கால் நன்றாக இருந்த காலத்தில் மேசையைத் தட்டுவார். அப்போதும் ஓடியவள்தான்.

மழை முடிந்ததும் ஒரு மரங்கொத்தி அதே சுவரை வெளியிலிருந்து கொத்த ஆரம்பித்தது. அதற்கும் ஓடினாள். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நாலைந்து நாள் ஏமாந்த பிறகு, எந்தச் சத்தம் கேட்டாலும் "மரங்கொத்திதான்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து டீயைக் குடித்து முடிக்கப் பழகினாள். முப்பது வருஷத்தில் அவள் சூடாகக் குடித்த டீ அதுதான்.

பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததைப் பார்த்த கொழுந்தன் பெனடிக்ட், அதைத் தகரம் வைத்து அடைத்து, கூரை விளிம்பிலிருந்து தரைவரை வலை கட்டினான்.

"இனி அது கிட்டயே வராது மதினி. நீங்க நிம்மதியா இருங்க."

அது வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது, பொழுதுக்கும். ஒவ்வொரு முறை போனபோதும் அவர் கண்ணைத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை அரிவாளை எடுத்துப்போய் வலையை அறுத்துச் சுருட்டினாள். தகரத்தையும் பிடுங்கினாள். உள்ளே வந்து டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

"மரங்கொத்திதான்" என்றாள்.

பறவை இன்னும் வந்திருக்கவில்லை.