எந்த ஊர்?

பொழுது சாய்ந்து நட்சத்திரங்கள் முளைக்கத் தொடங்கியும் குகனேசனின் புதுத் தொலைநோக்கி மசிவதாக இல்லை. அது எடுக்கும் படத்தை வானத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, துருவ நட்சத்திரம் இருக்கும் திசையைப் பிடித்துத் தர வேண்டிய கணினி, 'நட்சத்திரம் எதுவும் இல்லை' என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. படத்தைத் திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரை.

ஊர்க் காணியை விற்க அவன் சம்மதிக்காததால் சில கிழமைகளாக முகம் கொடுத்துப் பேசாதிருந்த மனைவி தயாநிதி, குளிரங்கியை இழுத்துவிட்டபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு தாழப் பாக்குது? ஊர் எதெண்டு குடுத்தனீங்கள்?"

"பருத்தித்துறை."

"நாங்கள் நிக்கிறது ரொறன்ரோவிலை எல்லோ!"

அவன் பிறந்த பருத்தித்துறையில் துருவ நட்சத்திரம் கடல் விளிம்பை விட்டு அதிகம் எழும்பாது. இங்கே பாதி வானம் ஏறி நிற்கும். குகனேசன் ஊரை மாற்றினான். திருகாணியைத் திருகிக் குழாயை நிமிர்த்தினான். அடுத்த படத்திலேயே நட்சத்திரங்கள் சிக்கின.

திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இதையே உங்கள் சொந்த இடமாகச் சேமிக்கவா?'

தயாநிதி உள்ளே போகாமல் நின்றாள். அவன் விறைத்துப்போன விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினான். விரல் சூடேறிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்தான்.