அளவெடுத்த வண்டி

"மெதுவா ஏறுங்க டாக்டரம்மா. கையை ஊன்றாதீங்க" என்று மெக்கானிக் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததும் டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய சீட்டு பலகை மாதிரி இருக்கும். இது அகலமாக, மெத்தென்று இருந்தது.

அவர் கால்நடை மருத்துவர். தார் ரோடு முடிந்து, கல்லும் சேறுமான பாதையில் ஏறினால்தான் பாதிப் பண்ணைகள் வரும். அதற்கென்றே வாங்கிய உயரமான வண்டி. பதினோரு வருஷமாக அதில்தான் அலைச்சல். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. கைக்குப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில், வண்டி என்ன கதியில் கிடக்கிறதோ என்று ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்தார். பார்த்தால், அடையாளமே தெரியாமல் மினுமினுவென்று நிற்கிறது.

"ஹேண்டிலை ரெண்டு இன்ச் தூக்கி, பக்கத்துல இழுத்து வெச்சிருக்கேன். இனிமே குனிய வேண்டாம்" என்றார் மெக்கானிக். "கிளட்ச் பூ மாதிரி இருக்கும், பிடிச்சுப் பாருங்க. முன்னாடி கண்ணாடி போட்டாச்சு, நெஞ்சுல காத்து அடிக்காது."

"இதையெல்லாம் யார் செய்யச் சொன்னா?"

"சார்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து நின்னுடுவார். முதுகு வலிக்கக் கூடாது, கை மரத்துப்போகக் கூடாதுன்னு என்னைப் பிடுங்கி எடுத்துட்டார்."

டாக்டரம்மாவால் நம்ப முடியவில்லை. கிளினிக்கில் மருந்து கவுன்டரையும் போனையும் பார்த்துக்கொள்ளும் கணவருக்கு இந்த வண்டி என்றாலே ஆகாது. 'இந்த வயசுல இது தேவையா' என்று அவர் முணுமுணுக்காத நாளில்லை.

"உயரத்தையும் குறைச்சிட்டீங்க போல" என்றார். பழைய உயரத்திலேயே அவருக்கு இரண்டு காலும் தாராளமாக ஊன்றும். இப்போது முழங்கால் மடங்கி நின்றது.

"ஆமா. சைடு ஸ்டாண்டையும் அதுக்கேத்த மாதிரி வெட்டியாச்சு. பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஐம்பது கிலோ ஆளுக்கு வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஐம்பதா? அது என் கல்யாணத்தன்னைக்கு இருந்த எடை. அதுக்கப்புறம் ஏறின இருபது கிலோ அவர் கண்ணுல படவே இல்ல போலிருக்கு."

எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாமல் மெக்கானிக்கும் சிரித்து வைத்தார்.

இந்த மூன்று மாதமும் டாக்டரம்மாவுக்கு மனது விட்டுப்போயிருந்தது. எத்தனை மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருப்பார், எத்தனை கொட்டகையில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். விழுந்து கிடந்தபோது ஒரு பண்ணைக்காரர்கூட எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்கவில்லை. 'உன்னை மறந்துட்டாங்க. உலகம் அவ்வளவுதான்' என்றார் கணவர். சொன்ன மனிதர் இங்கே வந்து, தனக்காகச் சத்தமில்லாமல் இவ்வளவு செய்திருக்கிறார்.

வண்டியில் உட்கார்ந்தபடியே அவருக்குப் போன் போட்டார்.

"ஒர்க்‌ஷாப்ல இருக்கேங்க. வண்டியைப் பாத்தேன்."

"நீ எதுக்கு அங்க போனே?"

"கோபப்படாதீங்க, வழியிலதானே இருக்கு. எனக்காக நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

"அங்கேயே இரு" என்றார் அவர். "நான் வந்து பேசறேன்."

ஒளித்துவைத்த பரிசை முன்னாடியே பார்த்துவிட்டோம், மனிதருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று டாக்டரம்மா போனை வைத்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி இறங்கியவள் அவருடைய ஜூனியர். படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்தவளுக்கு நான்கு வருஷமாக ஊசி பிடிப்பதிலிருந்து எல்லாமே இவர் கற்றுக்கொடுத்தது. டாக்டரம்மாவைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா, வா. உன்கிட்டயும் சொல்லிட்டாரா?" என்றார் டாக்டரம்மா. "வண்டியைப் பாத்தியா? அடுத்த மாசம் முதல் ரவுண்டுக்கு நீயும் பின்னாடி ஏறிக்கோ."

ஜூனியர் ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சரியான நேரத்துக்கு வந்தீங்க, சின்ன டாக்டர். பெரிய டாக்டரம்மா இறங்கிக்கட்டும். நீங்க உக்காந்தாத்தானே அளவு சரியா இருக்கான்னு தெரியும்?"

ஒர்க்‌ஷாப்பில் ஓடிக்கொண்டிருந்த காற்றடிக்கும் மெஷின் தானாக நின்றது. டாக்டரம்மா இறங்கவில்லை. வலிக்கிற கையாலேயே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது?" என்றார்.

ஜூனியர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே உங்களால முடியாது, கிளினிக்கை நானே எடுத்து நடத்தணும்னு நீங்கதான் ஆசைப்பட்டதா சார் சொன்னாரே, மேடம்."