காலையில் மேலேறும் ஆறு

மின்சாரம் தந்துவிட்டு மாலையில் இறங்கும் ஆற்றை, வெயில் ஏறியதும் மோட்டார்கள் மறுபடி மேல் அணைக்கே இழுத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் கடலுக்குப் போவதில்லை. ஐம்பது வருடப் பழைய அந்த நீர்மின் நிலையத்தில், சல்லடைக் கம்பிகளில் சிக்கும் குப்பையை வாருவது கொம்பையாவின் வேலை.

மகள் மகிழினியின் அஸ்தியை அங்கேதான் கரைத்தார். பன்னிரண்டு வயதில் சாகும்வரை கடலையே பார்க்காத பிள்ளை. அவளுடைய சிவப்புச் செருப்பில் ஒன்றையும் கூடவே விடச் சொல்லியிருந்தாள் மனைவி செல்லத்தாய்.

“நமக்காக ஒரு மணி நேரம் மதகத் தொறந்துவிட்டாங்க. கடலுக்குப் போயிட்டா,” என்றார் வீட்டில்.

உண்மையில் இன்ஜினியர், “ஒரு ஆளுக்காக ஆத்தத் தொறந்துவிட முடியாதுய்யா,” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை செருப்பு சல்லடையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, மாலையில் தண்ணீர் இறங்கும்போது திரும்ப விட்டார். அடுத்த காலையும் வந்தது. தினமும் வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நாள், சோறு போட்டுக்கொண்டே செல்லத்தாய் கேட்டாள்.

“ஏங்க, பிள்ள இன்னைக்கும் திரும்பி வந்துட்டாளா?”

கொம்பையா தட்டைப் பார்த்தபடி தலையசைத்தார்.

“இனிமே விடாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க.”